நெல்லில் ஏற்றாத கார்

மட்டக்களப்புக்குத் தனியாகப் போகாதே என்றான் என் மகன். அவன் சொன்னதால்தான் போனேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன். அறுபதைத் தாண்டிய பொம்பளையிடம் “போகாதே” என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

போனது ஒரு கல்யாணத்துக்கு. ராஜி மட்டக்களப்புக்காரி. அந்தக் காலத்தில் திருநெல்வேலிக்குப் படிக்க வந்து, விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். அவளுடைய கடைசி மகளுக்குக் கல்யாணம். “நீ வராட்டி நான் உன்னோட கதைக்க மாட்டன்” என்று போனில் மிரட்டினாள். சங்கரன்கோவிலில் இருந்து கிளம்பிவிட்டேன்.

கல்யாணத்தில் என்னை அசத்தியது தாலியும் இல்லை, மேளமும் இல்லை. எங்கள் பக்கம் கல்யாணம் முடிந்தால் பெண் அழுவாள், பெண்ணைப் பெற்றவள் அழுவாள், போகிற கார் தெருமுனை திரும்பும்வரை ஒரே அழுகை. இங்கே பெண் சிரித்துக்கொண்டு தன் வீட்டு வாசலிலேயே நிற்கிறாள். மாப்பிள்ளைதான் ஒரு சூட்கேசோடு வந்து இறங்குகிறார். வீடு பெண்ணுடையது. பெற்றவர்கள் மகள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், கட்டிக்கொள்கிறவர் அங்கே வந்து குடியிருக்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அந்த அம்மாள் என்னை மன்னிக்கட்டும், எனக்கு வயிறு குளிர்ந்தது.

ராஜி வீட்டில் உறவுக்கூட்டம் என்பதால் வாவி என்று அவர்கள் சொல்லும் உப்பங்கழியை ஒட்டிய ஒரு விடுதியில் எனக்கு அறை போட்டிருந்தாள். மறுநாள் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. வாவிக்குக் கிழக்கே சூரியன் எழுகிற பக்கத்தை எழுவான்கரை என்கிறார்கள், மேற்கே சூரியன் படுகிற பக்கத்தைப் படுவான்கரை என்கிறார்கள். பெயரைக் கேட்டதுமே அந்தக் கரையைப் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன். விடுதி முதலாளி கார் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்.

காலையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். எங்கள் திருநெல்வேலிச் சொதி இல்லை இது, தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்ட, குழம்பும் இல்லாத ரசமும் இல்லாத ஒரு வஸ்து. முதல் நாள் முகம் சுளித்தேன். இரண்டாம் நாள் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தேன். கையைக் கழுவிவிட்டு வாசலுக்கு வந்தபோது ஒரு சின்ன வெள்ளைக் கார் நின்றது. எங்கள் ஊர் ரோட்டில் ஒரு காலத்தில் எங்கே பார்த்தாலும் ஓடிய அதே கார்தான், கடல் தாண்டி வந்து கிழடாகியிருந்தது. பக்கத்தில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றாள். முதலாளி அவளிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

“இஞ்ச பாரு தர்சினி, ரவிர வேன் எயார்போட் போனதாலதான் உன்னக் கூப்பிட்ட. இந்த அம்மாவப் பத்திரமாக் கொண்டுபோய்க் கொண்டுவந்து விட்டியெண்டா, இனி இஞ்ச வாற ஆக்களுக்கெல்லாம் உன்ட கார்தான். நடு றோட்டுல நிண்டுகொண்டு எனக்குப் போன் எடுத்தியோ, அதோட சரி.”

போன் எடுப்பது என்றால் அவர்கள் பேச்சில் போன் பண்ணுவது. “போன் வராது” என்றாள் அந்தப் பெண். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

நான் பின்சீட்டில் உட்காரவில்லை. முன்னால் அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். என்னை அன்ரி என்று அழைத்தாள். பாலத்தைத் தாண்டி மறுகரைக்குப் போவதற்குள் பாதிக் கதையை வாங்கிவிட்டேன். நான் கேட்டு யாரும் சொல்லாமல் தப்பித்ததில்லை. புருஷன் கட்டாரில், நாம் கத்தார் என்கிற நாட்டில், இருக்கிறார். ஊருக்குத் திரும்பி வந்து ஓட்டுவதற்காக வாங்கிப் போட்ட கார். அவர் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்க, கார் கஜு மரத்தடியில் கிடந்து துருவேறியது. கஜு என்றால் முந்திரி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு இவள் அதைத் துடைத்து, ஓட்டப் பழகி, லைசென்சும் எடுத்துவிட்டாள். ஆனால் சவாரிதான் வரவில்லை.

“பொம்புள ஓட்டுற காரெண்டா ஆரும் ஏற மாட்டாங்க அன்ரி. பள்ளிக்கூடப் புள்ளயள ஏத்துறன் எண்டு கேட்டன், தாய்மாரே வேணாமெண்டுட்டாங்க. அவர் போன்ல விப்பம் விப்பம் எண்டு நிக்கார். வாங்குற ஆளும் வந்து பாத்திட்டுப் போயிட்டான். இந்த விடுதி வேலை சரிவந்தாத்தான் கார் நிக்கும். இல்லாட்டி வெள்ளிக்கிழம வந்து கொண்டுபோயிருவான்.”

“நீ என்ன சொன்னே?”

“வீடு என்ட. கார் அவர்ட. ஓடுறது நான். பாப்பம் எண்டு சொன்னன்.”

எங்கள் வீட்டிலும் ஒரு கார் நிற்கிறது. எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. சாவி மட்டும் என் மகனின் மேஜை டிராயரில் இருக்கிறது. “அம்மா, ரோடு முன்ன மாதிரி இல்ல” என்பான். இதை அவளிடம் சொன்னபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கு அவள் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். அவள் ஹாரனைத் தொடவே இல்லை. மாடு குறுக்கே வந்தாலும் நின்று காத்திருக்கிறாள், சைக்கிளுக்குப் பின்னால் ஊர்கிறாள். எங்கள் ஊரில் ஹாரன் இல்லாமல் வண்டியைத் தெருமுனை தாண்ட விடமாட்டார்கள். ஏன் அடிப்பதில்லை என்று கேட்டேன்.

“அடிச்சா திரும்பிப் பாப்பாங்க. பாத்தா பொம்புள ஓட்டுறா எண்டு கண்டிருவாங்க. மறுகா முந்திக் காட்டுறன் எண்டு பின்னாலயே வருவானுகள். என்னத்துக்கு?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் மேல் இல்லை.

மறுகரை வேறு உலகம். டவுனின் கடைச் சத்தம் எல்லாம் பாலத்தோடு நின்றுவிடுகிறது. இரண்டு பக்கமும் வயல், வயல், அதற்கப்பால் மறுபடியும் வயல். ஒரு பெரிய வயல்வெளியை வட்டை என்கிறார்கள், ஒவ்வொரு வட்டைக்கும் ஒரு பெயர் இருக்கிறது. மாசி மாதம், அறுவடை நேரம். வழியில் ஒரு கொட்டகையில் பிளேன்டீ குடித்தோம். பால் சேர்க்காத டீ, கடித்துக்கொள்ளக் கையில் ஒரு துண்டு வெல்லம். மண்முட்டியில் எருமைத் தயிர் விற்றார்கள். ராஜிக்கு என்று இரண்டு முட்டி வாங்கிப் பின்சீட்டில் வைத்தேன். கத்தியால் வெட்டலாம் போல அத்தனை கெட்டி.

உன்னிச்சைக் குளத்தைப் பார்த்தோம். குளம் என்று அவர்கள் அடக்கமாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊர்க் கண்மாய்கள் பத்தைக் கொண்டுவந்து கொட்டினாலும் அதற்குள் காணாமல் போகும். குளக்கரையின் மேல் நடந்தேன், காற்று புடவையைப் பிய்த்தது, திருப்தியாகக் கீழே இறங்கினேன். அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

திரும்பும் வழியில்தான் வினை. தார் ரோட்டில் எங்கள் பக்கத்துப் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. மெஷின் அறுத்துக் கொட்டிய ஈர நெல்லைக் காயவைக்க வேறு இடம் இல்லாததால் ரோட்டிலேயே நீளமாகப் பரப்பி, வண்டி ஏறாமல் இருக்க ஓரமாகக் கல் அடுக்கி வைத்திருந்தார்கள். தர்சினி வலப்பக்கத்துப் பாதியில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள். எதிரே மணல் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்தது. நிற்கிற எண்ணமே அதற்கு இல்லை.

எங்கள் பக்கம் உளுந்தையும் கொள்ளையும் ரோட்டில் போடுவதே வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்றுதான். ஓசியில் கதிரடிக்கிற வேலை. ஏறாமல் போனால் கோபித்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில் நான், “இடது பக்கம் ஏத்தும்மா! ஏத்து, ஏத்து!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவள் ஏற்றவில்லை. டிப்பர் இன்னும் கொஞ்சம் தள்ளி வரும்போதே சட்டென்று வெட்டி, வலப்பக்கத்துப் புல் பள்ளத்துக்குள் காரை இறக்கினாள். டிப்பர்காரன் எங்களைப் பார்த்து ஸ்டீயரிங்கை ஒடித்து, நெல்லின் மேல் ஒரு நீளத்துக்கு ஏறி இறங்கிப் போயே போய்விட்டான். எங்கள் காருக்கு அடியில் டொம்மென்று ஒரு சத்தம். புல்லுக்குள் மிச்சக் கற்களைக் குவித்து வைத்திருந்திருக்கிறார்கள். நெல்லைக் காக்க வைத்த கல் எங்களைக் குத்திவிட்டது.

இறங்கினேன். பெட்ரோல் வாசம் குப்பென்று அடித்தது. குனிந்து பார்த்தால் பின்பக்கம் டேங்கில் ஒரு கீறல், அதிலிருந்து நூல் மாதிரி பெட்ரோல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தர்சினி அதற்குள் மல்லாந்து காருக்கு அடியில் நுழைந்துவிட்டாள். கட்டைவிரலை அந்தக் கீறலில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

“அன்ரி, ஏதாச்சும் ஏனம் வேணும். விரலை எடுத்தா எல்லாம் போயிரும்.”

அப்போதுதான் ரோட்டின் அந்தப் பக்கம் இருந்து ஒரு அம்மாள் நெல் தள்ளுகிற பலகையை ஓங்கிக்கொண்டு வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. பெயர் நல்லம்மா என்று பிறகு தெரிந்தது. “எவன்டா அவன் என்ட நெல்லுல ஏத்தின! கண்ணு என்ன பிடரியிலயா கிடக்கு!” என்று வந்தவள், நெல்லின் மேல் கிடந்த பெரிய டயர்த் தடங்களைப் பார்த்தாள். பிறகு எதிர்ப்பக்கம் பள்ளத்தில் கிடந்த எங்கள் சின்னக் காரைப் பார்த்தாள். நெல்லின் மேல் சின்ன டயர்த் தடம் ஒன்றுகூட இல்லை.

உதவி கேட்கலாம் என்று அவளை நோக்கி ஓடினேன். “செருப்பு! செருப்பு!” என்று கத்தினாள். நான் நெல்லின் மேல் கால் வைக்கப் போயிருந்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனேன். பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருக்கிற நேரத்தில் செருப்பா என்று பற்றிக்கொண்டு வந்தது, ஆனாலும் கழற்றினேன். அவள் நின்ற தோரணை அப்படி.

நல்லம்மா காருக்குப் பக்கத்தில் குந்தி, அடியில் எட்டிப் பார்த்தாள். “என்னகா புள்ள, நீ ஏன் ஏத்தாம விட்ட?”

அடியில் இருந்து தர்சினியின் குரல் வந்தது. “ஏறினா நொறுங்கிருமே. மில்லுல குருணல்தானே வரும். சோத்துக்கு மேல என்னெண்டு ஏத்துற?”

நல்லம்மா எழுந்து திரும்பி வயலைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தாள். மரத்தடியில் இருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். முதலில் வந்தவர் அவளுடைய தம்பி, வாயில் புகைகிற பீடியோடு. நான் போட்ட கூச்சலில் மனிதர் பீடியை வாய்க்காலில் எறிந்ததோடு நிற்காமல் தானும் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார்.

ஏனம் என்றால் அவர்களிடம் இருந்தது சோற்றுப் பானையும் தண்ணீர்க் குடமும்தான். என் கண் பின்சீட்டில் விழுந்தது. “தயிர் முட்டி இருக்கு! தயிரைக் கொட்டிடுவோம்” என்றேன்.

“தயிரக் கொட்டுறதா? நல்ல கதை!” என்றாள் நல்லம்மா. வேலையாட்களுக்கு ஆக்கி வைத்திருந்த சோற்றுப் பானையைத் தூக்கிவரச் சொன்னாள். இரண்டு முட்டித் தயிரையும் அதில் கவிழ்த்தாள். முட்டிகளை வாய்க்காலில் அலசி, துண்டால் உள்ளே துடைத்துத் துடைத்து, வெயிலில் கொஞ்சம் காட்டிவிட்டுக் கொடுத்தாள். அதுவரைக்கும் தர்சினி மல்லாந்தே கிடந்தாள். விரல் மரத்துப்போயிருக்கும். கை வழியாகப் பெட்ரோல் முழங்கைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. முட்டியை அடியில் தள்ளியதும்தான் விரலை எடுத்தாள்.

நடுவில் அவளுடைய போன் சீட்டில் கிடந்து அடித்தது. நான் எடுத்தேன். முதலாளி.

“தர்சினியா? டிப்பர்காரன் ஒருத்தன் சொன்னான், கார் பள்ளத்துல கிடக்காமே?”

“பள்ளத்துலதான் நிழல் இருக்கு. சாப்பிட்டுக்கிட்டிருக்கோம்” என்றேன்.

“அம்மா, நீங்க பயப்படாதீங்க, ரவி வந்திட்டான். வேன் அனுப்புறன்.”

“நான் பயப்படுறேன்னு உங்களுக்கு யார் சொன்னது?” என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். காருக்கு அடியில் கிடந்தவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. “போச்சி” என்று மட்டும் சொன்னாள்.

“என்னத்தடி போச்சி?” என்று நல்லம்மா கேட்டாள். நான் சொன்னேன். விடுதி, முதலாளி, வெள்ளிக்கிழமை வருகிற ஆள், எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் வேலையாட்களும் நின்று கேட்டார்கள்.

“எழும்பி வாகா கிளி, இத முதல்ல அடைப்பம்” என்றாள் நல்லம்மா.

அடைக்கிற வழி தர்சினிக்கே தெரிந்திருந்தது. சவர்க்காரம் வேண்டும் என்றாள். துணி துவைக்கிற சோப்புக்கு அங்கே அதுதான் பெயர். நல்லம்மாவின் மகள் மரத்தடியில் இருந்து மெல்ல எழுந்து, பாதி தேய்ந்த ஒரு கட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். நிறைமாதம். அவளை உட்கார வைத்துவிட்டு, தர்சினி சோப்பைப் பிசைந்து, பழைய சீலைத் துண்டோடு சேர்த்துக் கீறலில் திணித்துத் திணித்து அப்பினாள். ஒழுகல் சொட்டாகியது. சொட்டும் நின்றது.

காரைப் பள்ளத்தில் இருந்து எடுத்தது நல்லம்மாவின் தம்பி. லேண்ட்மாஸ்டர் என்று அவர்கள் சொல்லும் இரண்டு சக்கர உழவு மெஷினில் கயிற்றைக் கட்டி இழுத்தார். பின்னால் இருந்து ஆறேழு பேர் தள்ளினோம். நானும் தள்ளினேன். என் மகன் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு சாப்பாடு. எருமைத் தயிர் கலந்த சோறு, வாழைக்காய்க் கறி, சுட்ட கருவாடு, கடித்துக்கொள்ள வெங்காயம். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்படி ஒரு தயிர்ச்சோறு நான் இதுவரை சாப்பிட்டதில்லை. ராஜிக்கு வாங்கியது என்ற நினைப்பே வரவில்லை. தர்சினி மட்டும் பிசைந்துகொண்டே இருந்தாள். கையை எத்தனை கழுவியும் பெட்ரோல் வாசம் போகவில்லை என்றாள். வாசம் காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பாதிச் சாப்பாட்டில் வேன் வந்தது. ரவி இளைஞன், கறுப்புக் கண்ணாடி. வந்த வேகத்தில் வேனை ஓரம் கட்டுவதற்கு அவனுக்குக் கிடைத்த இடம் நெல்லின் மேல். நொறுநொறு என்று சத்தம் கேட்டது. நல்லம்மா எச்சில் கையோடு எழுந்தாள். அவள் அவனைத் திட்டியதை நான் எழுதப் போவதில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேனைப் பின்னால் எடுத்தான் பையன்.

“ஏறுங்க அம்மா, முதலாளி கூட்டிவரச் சொன்னவர். காரை மறுகா ஆள் விட்டு எடுக்கலாம்” என்றான்.

“நான் வந்தது இந்தக் கார்ல. போறதும் இதிலதான்.”

“அது சவர்க்காரம் வச்ச டேங்க், அம்மா. நடுவழியில நிண்டா?”

“நின்னா நிக்கட்டும். நீ பின்னாலயே வா. உனக்குப் பெட்ரோல் செலவு, எனக்கு என்ன? முதல்ல உக்காந்து சாப்பிடு.”

ரவி நல்லம்மாவைப் பார்த்தான். அவள் ஒரு தட்டை எடுத்து அவன் முன்னால் டங்கென்று வைத்தாள். திட்டினவளே கருவாடும் வைத்தாள். அவன் சாப்பிட்டான்.

முட்டியில் பிடித்த பெட்ரோலைச் சீலையில் வடித்து டேங்கில் ஊற்றினோம். தர்சினி சாவியைத் திருப்பினாள். ஒரு முறை செருமிவிட்டுக் கார் எழுந்தது. நல்லம்மா அவளுடைய நம்பரை வாங்கிக்கொண்டாள். ரவியின் நம்பரை வாங்கவில்லை.

செங்கலடி வழியாகத் திரும்பினோம், அங்கே கராச் இருக்கிறது என்பதால். எங்கள் பக்கம் மெக்கானிக் ஷெட் என்போம். கராச்காரர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, “ஆரு அடைச்ச?” என்றார்.

“நான்தான்.”

“அப்ப என்னட்ட என்னத்துக்கு வந்த?” என்று சிரித்தார். டேங்கை வடித்துத் துடைத்து, ஏதோ பசையைப் பூசிக் காயவைத்து, நாலு மாதத்துக்குத் தாங்கும் என்றார். ரவி வெளியில் வேனில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

வெயில் சாயும்போது விடுதி வாசலில் இறங்கினோம். முதலாளி கேட்டில் நின்றார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், குனிந்து அடியைப் பார்த்தார், நிமிர்ந்தார்.

“நான் காலையில என்ன சொன்ன?”

“போன் எடுக்கக் கூடாதெண்டீங்க. நான் எடுக்கல்ல. நீங்கதான் எடுத்தீங்க” என்றாள் தர்சினி.

“கதைய விடு. கார் பள்ளத்துல கிடந்ததுதானே? நாளைக்கு ஆக்கள ரவி கூட்டிப் போவான்.”

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. டிப்பரைப் பற்றிச் சொன்னேன், நெல்லைப் பற்றிச் சொன்னேன், அவள் விரலைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “அம்மா, நீங்க நாளைக்குப் போயிருவீங்க. நான் இஞ்ச தொழில் செய்யணும். அவள் நெல்லுல ஏத்திட்டு வந்திருந்தா ஒண்டும் நடந்திராதுதானே?” என்றார்.

ரவியே, “முதலாளி, கார் ஒரு இடமும் நிக்கல்ல, நான் பின்னாலதான் வந்த” என்றான். அதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் மேலே போய்ப் பெட்டியைக் கட்டினேன். கீழே வந்து அறைச் சாவியை மேஜையில் வைத்தேன். “எங்க போறீங்க?” என்றார். “இவ வீட்டுக்கு” என்றேன். தர்சினியிடம் இன்னும் கேட்கவே இல்லை. பாவம், திகைத்துப்போய் நின்றாள். பிறகு டிக்கியைத் திறந்து என் பெட்டியை வைத்தாள்.

“வீட்ல யாரையாவது கேக்கணுமா?” என்று வழியில் கேட்டேன்.

“என்ட வீடு அன்ரி. ஆரக் கேக்குற?”

கஜு மரம், சின்ன வீடு, இரண்டு பிள்ளைகள், சுவரில் கட்டாரில் இருக்கிறவரின் படம். பிட்டு அவித்தாள். பிட்டு வெந்துகொண்டிருக்கும்போதே அவர் போன் பண்ணினார். செய்தி கடல் தாண்டிப் போயிருந்தது. “நான் சொன்னன்தானே” என்று அவர் சொல்வது எனக்கே கேட்டது. அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டு நின்றாள். வெள்ளிக்கிழமை என்ற சொல்லும் கேட்டது. அவள் போனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில் வந்த அழுகை.

போன் மறுபடியும் அடித்தது. அவர்தான் என்று நினைத்து அவள் எடுக்கவில்லை. நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“நெல்லுல ஏத்தாத புள்ளயா?”

வட்டை முழுக்கக் கேட்கிற அதே குரல். நல்லம்மா.

“இஞ்ச கேளுகா. மகளுக்கு நாளைக்கு டவுன் ஆஸ்பத்திரியில கிளினிக். ஆட்டோ குலுக்குற குலுக்கு அவளுக்கு ஏலா. நீ வா. இன்னும் ரெண்டு புள்ளத்தாச்சியள் இரிக்காங்க இந்தப் பக்கம், அவங்களுக்கும் சொல்லிட்டன். நெல்லுக்கு மேல ஏத்தாதவள் வயித்துப் புள்ளய குலுக்க மாட்டாள் எண்டு சொன்னன். கேக்குதா? கிழமைக்குக் கிழமை வரணும். காரை வித்திராத!”

“ஓம்… ஓம் அம்மா, வாறன்” என்றாள் தர்சினி. பிட்டு தீய்ந்துபோனது. தீய்ந்ததைத்தான் சாப்பிட்டோம், நன்றாகவே இருந்தது. சாப்பிட்டு முடித்து, கட்டாருக்கு அவளே போன் எடுத்தாள். “அந்த ஆள வர வேணாமெண்டு சொல்லுங்க. கார் வேலைக்குப் போகுது” என்றாள். அந்தப் பக்கம் இருந்து என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது, அவள் காத்திருந்து கேட்கவில்லை.

காலையில் என்னைப் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு அவள் படுவான்கரைக்குப் போக வேண்டும். வாவிக் கரை ரோட்டில்தான் போனோம். விடுதி வாசலில் ரவியின் வேன் நின்றது, சாமான்கள் ஏறிக்கொண்டிருந்தன. முதலாளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்று யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தர்சினி வேகத்தைக் குறைத்தாள். பெட்ரோல் வாசம் இன்னும் போகாத அந்தக் கையை ஹாரனில் வைத்து அமுக்கினாள். முதலாளி திரும்பினார், ரவி திரும்பினான், தெருவே திரும்பிப் பார்த்தது. பாலம் வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.